மூன்றாவது மென்பொருள்

மூக்குக்கண்ணாடிகள் தொங்கும் சுவர்களுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து வைத்தாள், மென்பொருள் விற்க வந்தவள்.

கண்ணாடிக்கடைக்காரர் லேசில் மடங்கமாட்டார் என்று அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பங்குச்சந்தை மென்பொருள் வேண்டும் என்று இதற்கு முன் இரண்டு கம்பெனிக்காரர்களை வரவழைத்து, பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது இல்ல" என்று அனுப்பி வைத்தவர்.

அவளும் கைவசம் இருந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினாள். ஆயிரக்கணக்கான பங்குகளைச் சலித்து, கடன் இல்லாத கம்பெனிகளை மட்டும் நிறுத்திக் காட்டினாள். விலை ஏறுவதும் இறங்குவதும் பச்சையும் சிவப்புமாகத் திரையில் துள்ளின.

அவர் ஒரு ஃபிரேமைத் துடைத்தபடி 'ம்' கொட்டினார்.

பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறாரே, இந்த மனுஷர் அப்படி எதைத்தான் தேடுகிறார்? அவளுக்கு மண்டை குடைந்தது.

"காலையில படத்துமேல கோடு போட்டுக் காட்டிப் பேசுவாங்களாமே. அது இதுல இருக்காம்மா?"

இருந்தது. விலை வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டி, நிபுணர்கள் தினமும் குரல் பதிவு போடுவார்கள். அது ஒரு பெரிய விஷயம் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

அவர் துணியைக் கீழே போட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, திரையில் அவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பேர்போனவர்களை எல்லாம் தாண்டி, அடியில் கிடந்த ஒரு பெண்ணின் பெயரில் விரல் நின்றது. புதிதாகச் சேர்ந்தவள். அதிகம் பேர் கேட்பதில்லை.

யாருக்கும் தெரியாத புதையலைக் கண்டுபிடித்துவிட்டாரோ? விற்க வந்தவளும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். விலை இந்தக் கோட்டைத் தாண்டுற வரைக்கும் யாரும் அவசரப்படாதீங்க" என்றது குரல்.

அவர் மறுபடி முதலில் இருந்து போட்டார். பிறகு மறுபடியும்.

கோடு எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடியிருந்தார்.

"இதையே போட்டுக் குடும்மா."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. "எந்த புரோக்கர்கிட்ட கணக்கு வச்சிருக்கீங்க சார்? இதோட சேர்த்து விட்டுடறேன்."

"கணக்கா? பங்குன்னா என்னன்னே எனக்குத் தெரியாதேம்மா."

பின்னே எதற்கு இதெல்லாம் என்று கேட்க வாயெடுத்தாள்.

அவர் கேட்கவிடவில்லை. ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சளி பிடிச்சிருக்கு பாரு. என்கிட்ட கோச்சுக்கிட்டு வீட்டையே விட்டுப் போன பொண்ணு, அந்த ஐஸ் தண்ணிய மட்டும் விடமாட்டேங்கறா."