வெட்டிக் கொடுத்த துண்டு

"சுடுடா அவன!" என்று கொட்டகையே கத்தியது. திரையில் துருக்கன், ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்க, துப்பாக்கிக் கத்தியை ஓங்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான். ஆறு வருடமாக அதே துருக்கனைக் கொன்றும் ஊருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கசாப்புக்கடை மக்கிள் திரையைப் பார்த்து ஆரஞ்சுத் தோலை வீசினார்.

மூன்றாவது வரிசையில் இடா பார்ஸ்லோ பதறிப் பாதி எழுந்துவிட்டாள்.

கைப்பிடியைச் சுற்றிப் படம் ஓட்டும் கிளாரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். துருக்கியில் நடந்த கலிப்போலிப் போரைக் காட்டும் இந்தப் படம் கன்னமுல்லா ஊருக்கு வரும்போதெல்லாம் இதே கதைதான். எதிரே நிற்கும் ஆஸ்திரேலியச் சிப்பாய் சுட்டு, துருக்கன் உருண்டு விழ, ஊரே கைதட்டும். இடா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். படத்திலாவது மகன் பிழைத்த நிம்மதி என்று பக்கத்தில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

அவள் மகன் வில்ஃப் அந்தப் படத்தில் நடித்தது ஊரறிந்த விஷயம். சிட்னிக் கடற்கரையில், கப்பலேறக் காத்திருந்த பட்டாளத்துப் பையன்களை வைத்தே முழுப் படத்தையும் எடுத்தார்கள். பிறகு நிஜப் போருக்குப் போன வில்ஃப், பிரான்சில் எங்கோ மண்ணோடு மண்ணானான். வீடு எரிந்ததில் போட்டோக்களும் போயின. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இந்தப் படத்தை விட்டால் வேறு வழியில்லை.

மதியக் காட்சி முடிந்ததும் இடா படம் ஓட்டும் அறைக்கு மேலே ஏறி வந்தாள்.

"கிளாரி தம்பி, படப்பெட்டி நாளைக்கு ரயிலேறுதாமே?"

"ஆமாம்மா. சிட்னிக்குத்தான். பிலிமைக் காய்ச்சி அதுல இருக்கிற வெள்ளிய எடுக்கப் போறாங்களாம். மத்த பிரதியெல்லாம் எப்பவோ காய்ச்சியாச்சு, இதுதான் கடைசி."

"மேட்டுச் சண்டையில கிட்டக்க முகம் தெரியுமே... ஒரு துண்டு வெட்டித் தருவியா? அதுல என்—"

"நீங்க சொல்லணுமாக்கும்? ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? காலைல வாங்க."

மறுநாள் இடா வருவதற்குள் ரயில் போய்விட்டிருந்தது. கிளாரி ஒரு புகையிலை டப்பாவைப் பெருமையோடு நீட்டினான். அவள் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இந்தக் கோடிமுதல் அந்தக் கோடிவரை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"இதுல இந்தச் சிப்பாய்ப் பையன் மட்டும்தானே இருக்கான்?"

"பின்ன? சிங்கம் மாதிரி நிக்கிறான் பாருங்க! உங்கள அழவச்ச அந்தத் துருக்கப்பய வர்ற இடத்தையெல்லாம் தனியா நறுக்கிட்டேன். காய்ச்சுற வரைக்கும் அவன எதுக்கு விட்டுவைக்கணும்? கொல்லையில டின்னுல போட்டுக் கொளுத்தினேன். புஸ்ஸுனு ஒரே நொடி! ஒரு துணுக்குகூட மிச்சமில்ல."

இடா துண்டைச் சுருட்டி டப்பாவில் வைத்து, மூடியை மெல்ல அழுத்தி மூடினாள்.

"துருக்கன் வேஷம் போட ஒருத்தனும் ஒத்துக்கல, தம்பி. காசு சுண்டிப் பாத்திருக்காங்க. தோத்தது என் வில்ஃபு."