இன்னும் நூற்றிருபது பவுண்டு

"இன்னும் நூத்தி இருபது பவுண்டு கழிக்கணும். எங்கேருந்து கழிக்கலாம்னு யோசிங்க," என்றாள் வெர்னா, நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர், ஒரு நாய். காரிலிருந்து கழற்றிய பின்சீட்டில், சுவரோரமாக, வெர்னாவின் கணவன் டெல்பர்ட் சைஸ்மோர். பக்கத்து முன்சீட்டில் அவள் தம்பி ஹோயிட். கவிழ்த்த வாளியின் மேல், எடையில் அவனில் பாதியே இருக்கும் வெர்னா. காரின் தரைவிரிப்பில் நாய். ஆக, காருக்குள் இருக்க வேண்டியதில் பாதி வெளியேதான் இருந்தது.

வரும் சனிக்கிழமை பைன் ரிட்ஜ் மண்தடத்தில் அந்த வருஷத்தின் கடைசிக் கார்ப் பந்தயம். டெல்பர்ட்டுக்கும், அதே தடத்தில் கார் ஓட்டும் கார்லண்ட் டீக்குக்கும் பழைய சவால் ஒன்று உண்டு. யாருடைய கார் பின்தங்குகிறதோ, அவர் தன் பிக்கப் வண்டியின் கதவில் மற்றவருடைய கார் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வசந்தம் வரை ஊரைச் சுற்ற வேண்டும். மூன்று வருஷமாக டெல்பர்ட்டின் கதவில் டீக்கின் நாற்பத்து நாலுதான். மர ஆலைக்கும் அதே வண்டி, சர்ச்சுக்கும் அதே வண்டி.

"போன ஞாயித்துக்கிழமை பாதிரியாரே வாசல்ல நின்னு, 'டீக் வந்துட்டார் போலிருக்கே'ன்னார்," என்றான் டெல்பர்ட். "இந்த வருஷமும் தோத்தா நான் நடந்துதான் சர்ச்சுக்குப் போவேன்."

"நட மாமா, உடம்புக்கு நல்லது," என்றான் ஹோயிட்.

கையில் இருந்தது ஒரு காப்பி டப்பாவும் அதற்குள் நாற்பது டாலரும். அதையும் பழைய டயர் ஒன்று விழுங்கிவிட்டது. கம்பெனி கொடுத்த எஞ்சினில் எதையாவது மாற்றினால் தடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் அங்கே யாரும் எடை பார்ப்பதில்லை. ஆகவே, காசில்லாமல் வேகம் வேண்டுமென்றால் கனத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி என்று வெர்னா முடிவு கட்டியிருந்தாள். கழற்றிய ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினாள். ஹீட்டர், ஜன்னல் கண்ணாடிகள், ஹாரன், கதவின் உள்பலகைகள், தரையடியில் பூசியிருந்த தார். தாரைச் சுரண்ட மட்டும் மூன்று நாள்.

"அந்தக் கூண்டுக் கம்பி?" என்றான் டெல்பர்ட்.

"அதைத் தொட்டா கையை உடைப்பேன். கார் குட்டிக்கரணம் போட்டா உள்ளே இருக்கிற ஆளைக் காப்பாத்தறது அதுதான்."

"அப்ப கழட்ட ஒண்ணுமில்லையே."

"ஒண்ணு இருக்கு," என்றான் ஹோயிட், டெல்பர்ட்டின் வயிற்றைப் பார்த்தபடி. "இருநூத்தி அம்பது பவுண்டு."

"டேய், வாயை மூடு."

"அவனை விடு டெல்பர்ட். நீ சாப்பிடு," என்று வெர்னா ஆப்பிள் பை தட்டை நீட்டினாள். ஏற்கெனவே இரண்டு துண்டு உள்ளே போயிருந்தது. ஒரு மாதமாகவே அவள் கை தாராளமாகத்தான் இருந்தது.

"பாத்தியா? இவதான் பொண்டாட்டி. ஓட்டறவனுக்குத் தெம்பு வேணும்னு இவளுக்குத் தெரியுது."

ஹோயிட்டுக்கு ஏனோ புரையேறியது.

டெல்பர்ட் எழுந்து போய்க் காரின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "இந்த சீட்டை யார் இவ்வளவு முன்னாடி தள்ளினது? ஸ்டியரிங் வயித்துல இடிக்குமே."

"நான்தான் தள்ளச் சொன்னேன். சனிக்கிழமை உனக்கு இடிக்காது."

"சரி, நீ சொன்னா சரி."

"போன வியாழன் பயிற்சியில இந்தக் கார் ஒரு சுத்துக்கு எவ்வளவு எடுத்துச்சு தெரியுமா? பதினேழே முக்கால் விநாடி," என்றாள் வெர்னா. "அதுக்கு முந்தின சனிக்கிழமை உன் கையில பதினெட்டரை."

"வியாழன் எனக்கு ஆலையில ஷிஃப்டு. தடமும் ஈரமா இருந்திருக்கும், மண்ணு நல்லாப் பிடிச்சிருக்கும். அதுல ஹோயிட் ஓட்டினாக்கூட ஓடும்."

"நான் ஸ்டாப்வாட்ச்சோட நின்னேன் மாமா," என்று தொடங்கிய ஹோயிட், அக்காவின் பார்வையைக் கண்டதும் நாயைத் தடவப் போய்விட்டான்.

பதினோரு மணிக்குத் தபால்காரர் வருவார். பந்தயத்துக்கான பதிவுக் கடிதம் வெள்ளிக்குள் போய்ச் சேர வேண்டும். வெர்னா வாளியிலிருந்து நகராமல், முழங்காலில் நோட்டை வைத்து, அதன் மேல் ஒரு தாளில் பத்தி பிரித்து எழுதினாள்: காரின் எண், நிறம், கம்பெனி, உரிமையாளர், ஓட்டுபவர். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள்.

"உரிமையாளர் இங்கே கையெழுத்துப் போடணும்."

கிரீஸ் படாமல் இரண்டே விரலால் பேனாவைப் பிடித்து, படித்துப் பார்க்காமல் போட்டான் டெல்பர்ட். அவள் மடித்து, உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்தலையையும் ஒட்டினாள்.

"இப்படிக் கொடு. நானே போடறேன். ராசியான கை," என்று டெல்பர்ட் வாசல் வரை ஓடி, தபால்பெட்டிக்குள் கடிதத்தை வைத்து, எடுத்துப்போகக் கடிதம் உண்டு என்று காட்டும் சிவப்புக் கொடியை நிமிர்த்தினான். அடுத்த நிமிஷமே தபால்காரரின் ஜீப் வந்தது, எடுத்தது, வளைவில் மறைந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "ஆமா, அந்த நூத்தி இருபது பவுண்டு என்னாச்சு?"

"கழிச்சாச்சு."

"எப்ப? சரி, அது கிடக்கட்டும். ஓட்டறவர் பேரைத் தப்பில்லாம எழுதினியா? போன தடவை அறிவிப்புப் பலகையில எழுத்தை மாத்திட்டாங்க."

வெர்னா நோட்டை மூடி, கடைசித் துண்டு ஆப்பிள் பையையும் அவன் தட்டில் வைத்தாள்.

"என் பேரை எழுத எனக்குத் தெரியாதா டெல்பர்ட்?"