இங்கேயே மாட்டணும்

"தர்றேன். ஆனா ஒண்ணு, இங்கேயே வெச்சு மாட்டிக்கிட்டுத்தான் போகணும்."

அந்த அம்மா இப்படிச் சொன்னதும் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். ஒரே விசிலில் மைதானத்தையே நிறுத்துகிறவருக்கு ஒருத்தர் உத்தரவு போடுவதா?

"எங்க வீட்டுலயே மாட்டிக்கிறேன் அக்கா. வீடியோ பார்த்து எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கேன்."

"வீட்டுல கூட யாரு?"

"பகல்ல யாருமில்ல. நானேதான். அதெல்லாம் சமாளிச்சுடுவேன்."

"அப்ப வேற எடம் பாருங்க தம்பி."

வேறு இடம் ஏது? வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கோத்து இழுக்கிற இரும்புக் கொக்கி அது. அவருடைய எஸ்.யூ.வி.க்குப் பொருந்துகிற பழைய கொக்கி, தேடு தேடென்று தேடியதில் இந்த வீட்டில்தான் கிடைத்தது. மாட்டித் தர மெக்கானிக்கைக் கேட்டால், அடுத்த வாரம் வா என்று கைவிரித்துவிட்டார்.

தங்கையோ நாளைக்கே கிளம்பியாக வேண்டும். புருஷன் வீட்டில் பட்டது போதும் என்று முடிவெடுத்துவிட்டாள். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் பிழைப்பே அந்தத் தையல் மெஷின்கள்தான். அவற்றை விட்டுவிட்டு வர முடியாது. நண்பர் ஒருவர் டிரெய்லர் தருகிறேன் என்றார். கொக்கி இல்லாத டிரெய்லரைத் தோளில் மாட்டியா இழுப்பது?

மாஸ்டர் ஓரமாகப் போய், வேலைக்குப் போயிருந்த மனைவியைப் போனில் பிடித்தார்.

"சரியான சந்தேகப் பேர்வழி போல" என்றாள் அவள். "பொருந்தலைன்னு திருப்பிக் கொண்டுவந்து நிப்பீங்கன்னு பயம். பேசாம அங்கேயே மாட்டிக்கிட்டு வாங்க. நமக்குக் காரியம் ஆகணும்."

சரியென்று வண்டியை உள்ளே கொண்டுவந்து, வாசல் சிமெண்ட் தளத்தில் நிறுத்தினார். வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக்கை எடுத்தார்.

"ஜாக் வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"வண்டி உயரமாத்தானே இருக்கு. அப்படியே புகுந்துக்குங்க."

தளத்தில் கீறல் விழுந்துவிடும் என்ற கவலை போலிருக்கிறது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி அடியில் புகுந்தார். அதற்குள் அந்த அம்மா பெரிய பெரிய கல்லாகத் தூக்கிவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். கொக்கியோடு கம்பி நீட்டிவிடுவேன் என்று நினைத்துவிட்டாளோ?

பிறகு ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டருக்கு அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் போனது.

"தம்பி, இருக்கீங்களா?"

"எங்க போயிடப்போறேன் அக்கா, இங்கதான் கெடக்கேன்."

வீட்டுக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பாதங்கள் அசையவில்லை. திருடனுக்குக் காவல் இருப்பது மாதிரி இது என்ன உட்கார்ந்திருப்பு?

கொக்கி நல்ல கனம். ஒரு பக்கம் போல்ட்டைக் கோத்தாகிவிட்டது. மறுபக்கத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அடுத்த போல்ட்டைத் துழாவினார். கையெல்லாம் எண்ணெய். வீடியோவில் அந்த ஆளுக்கு எல்லாம் வழுக்காமல்தான் நடந்தது.

இவருக்கு வழுக்கிவிட்டது. இரும்பு அப்படியே சரிந்து நெஞ்சின் மேல் இறங்கியது. ஒரு கை அதற்கடியில் மாட்டிக்கொண்டது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. கத்தலாம் என்றால் மூச்சு வரவில்லை.

"தம்பி, இருக்கீங்களா?"

பதில் சொல்ல வாய்தான் திறந்தது.

ஸ்டூல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. மறுகணம் அந்த அம்மா வண்டிக்கு அடியில் அவர் பக்கத்தில் இருந்தாள். எப்படிப் புகுந்தாளோ, தோளைக் கொடுத்து இரும்பை மேலே நெம்பினாள்.

"மொதல்ல மூச்சு விடுங்க. அவசரமே இல்ல. நான் புடிச்சிருக்கேன்."

கடைசி போல்ட்டை இறுக்கி முடிக்கும் வரைக்கும் அவள் தோளை எடுக்கவில்லை.

வெளியே வந்த மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது.

"எங்க வீட்டுல பகல்ல ஒரு ஈ காக்கா இருக்காது அக்கா" என்றார். "அங்க மாட்டிக்கிட்டிருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்? இந்த உயிர் நீங்க குடுத்தது. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நல்லா உக்காந்திருக்கா பாருங்க" என்றாள் அந்த அம்மா.

கொக்கியைப் பிடித்து உலுக்கினார். வண்டியே ஆடியது, கொக்கி ஆடவில்லை. நாளைக்குத் தங்கையையும் அவள் மெஷின்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். மனசு நிறைந்துபோய், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"உங்க வண்டி எங்க அக்கா? கொக்கி மட்டும் தனியா இருக்கே?"

அந்த அம்மா குனிந்து, சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லை எடுத்தாள்.

"அதை வித்தாச்சு. விக்கறதுக்கு முன்னாடி இதைக் கழட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரர் ஜாக் போட்டு அடியில படுத்தாரு. நான் உள்ள டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். ஜாக் சரிஞ்ச சத்தம்கூடக் கேக்கல."

கொக்கியைப் பிடித்திருந்த கையை மாஸ்டர் மெல்ல எடுத்தார்.

மற்ற கற்களையும் எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்னாள்:

"இதைக் கேட்டு நெறையப் பேரு வந்தாங்க தம்பி. தனியா மாட்டிக்கிறேன்னு சொன்ன யாருக்கும் நான் குடுக்கல."