பக்கச் சக்கரங்கள்

போர்வையை உருவிவிட்டுத் தம்பி விலகி நின்றான்.

அவள் பின் சக்கரத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஊன்றுகோலை நகர்த்தி, சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

அங்கேயும் ஒன்றுமில்லை.

வண்டி பளபளவென்று நின்றது. சைக்கிளைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார் பைக், அவ்வளவுதான். டாங்கில் அதே ஆகாய நீலம். சைலன்சரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இவன் இதற்குத்தான் கொடுத்திருந்தான். நாளை பழைய வண்டிகளின் கண்காட்சி.

"ஒரு நட்டுகூட வெளி நட்டு இல்லக்கா. கம்பெனியிலிருந்து எப்படி எறங்குச்சோ, அப்படியே இருக்கு."

அவள் கைப்பையைத் தொட்டுக்கொண்டாள். உள்ளே சாவி இருந்தது. வண்டியோடு வந்த சாவி. அதைக் கொண்டுவரச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான். அது ஒன்றுதான் பாக்கியாம்.

"பக்கத்துச் சக்கரம் ரெண்டும் எங்க?"

"எது?"

எது என்கிறான்.

"ஓ, அதா. பழைய இரும்புக்குப் போட்டாச்சு. அதெல்லாம் பின்னாடி மாட்டுனதுதானே? வெச்சிருந்தா மார்க்கக் கொறைச்சுப்புடுவாங்க."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

பின்னாடி மாட்டினதுதான். அப்பா மாட்டினது. அவர் ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டார். அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே அங்கே போய், அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சக்கரம். அவளுடைய வலது கால் பிரேக்கை மிதிக்காது. அதனால் அதையும் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குச் சாவியை அவள் கையில் கொடுத்தார் அப்பா. அதற்கப்புறம் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்.

கைப்பிடியைப் பார்த்தாள். அந்தப் பிரேக்கும் இல்லை.

வண்டியின் முன்னால் ஓர் அட்டை சாய்ந்திருந்தது. நாளைக்கு வைப்பதற்கு. அப்பாவின் படம். கீழே பெரிய எழுத்தில்:

அப்பா ஓட்டிய வண்டி. இதன் பின்சீட்டில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டு தரம் படித்தாள்.

போனான். யார் பின்னால் போனான்?

அவள் பின்னால். பக்கச் சக்கரத்தின் கம்பியில் காலை வைத்துக்கொண்டு, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு. மழை வந்தால் அவளுடைய தாவணி அவன் தலையில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெட்டிக்கடை முக்கு வந்ததும் தோளைத் தட்டுவான். இங்கேயே இறங்கிக்கிறேன் என்பான். கூடப் படிக்கிற பையன்கள் பக்கச் சக்கரத்தைப் பார்த்துவிடுவார்களாம்.

அவளும் நிறுத்துவாள். தினமும்.

சின்னப் பையன், போகட்டும் என்று அன்றைக்கு விட்டாள். இன்றைக்கு அவனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது.

"எப்படிக்கா இருக்கு?"

அவனுக்கே கண் கலங்கியிருந்தது. அப்பா ஞாபகம் வந்துவிட்டதாம். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

"சாவியக் குடுக்கா. பின்னாடி ஏறிக்கோ. நான் ஓட்டறேன். முக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

முக்கு வரைக்கும்.

ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் போதும். இப்போது அது சாயக்கூடிய வண்டிதான்.

தள்ளவில்லை. ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வலித்தன.

அவன் மண்டியிட்டுச் சாவித் துவாரத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். "பாரேன், நம்பர்கூட அழியல. சாவியிலயும் இதே நம்பர்தான் இருக்கும். பரிசு குடுக்கறவங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்களாம்."

நம்பரை வாய்விட்டுப் படித்தான்.

அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. இத்தனை காலமும் அந்தச் சாவி அவள் பீரோவில் இருந்தது. நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

அவன் கையை நீட்டினான்.

அவள் பையைத் திறந்தாள். சாவியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்தாள். திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இது வேற வண்டிச் சாவி" என்றாள்.

"அக்கா, வெளையாடாதே. நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேன்."

வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. இரண்டு பக்கமும் சக்கரங்களோடு, ஸ்டாண்ட் போடாமலே சாயாமல். ஊன்றுகோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கிளப்பினாள்.

"அக்கா, நாளைக்கு நான் என்ன பண்றது? அக்கா."

பின்னாலேயே ஓடி வந்தான். இந்த வயதிலும் நன்றாகத்தான் ஓடுகிறான். தெரு முக்கில் வந்து எட்டிப் பிடித்து, அவள் தோளைத் தட்டினான்.

அவள் அங்கே நிறுத்தவில்லை.