கல்லில் ஒரு சோடி

“இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ” என்றேன்.

சற்குணமும் ஜெயகௌரியும் அரை அங்குலம் நகர்ந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால், மியூசியத்தின் கண்ணாடிக்குள் ஒரு கற்பலகை. அதில் பல்லில்லாத அலகோடு இரண்டு பறவைகள். ஒன்றுக்கு நீண்ட வாலிறகுகள், மற்றதற்கு இல்லை. செத்துப் பன்னிரண்டு கோடி வருடங்களுக்கு மேலாகிறது. சீனாவில் இந்த இனம் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறதாம்.

ஆணும் பெண்ணுமாக இருக்கலாம், ஆனால் ஒரே கல்லில் கிடப்பதால் மட்டும் சோடி என்று சொல்லிவிட முடியாது என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

என் தொழிலுக்குத் தோதான வாசகம்.

வெம்பிளியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கலியாண வீடுகள் இல்லாத நாட்களில் இந்த வேலை. விசாவுக்காகப் புருசன் பெண்சாதி ஆனவர்களை லண்டன் முழுக்கக் கூட்டித் திரிந்து, ஒரு வருடத்துப் படங்களை ஒரே நாளில் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் கழிப்பறையில் உடுப்பு மாற்றுவார்கள். நான் கமராவில் தேதியை மாற்றுவேன்.

மற்றவர்கள் கமராவைக் கண்டதும் ஒட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கு அதுகூட வரவில்லை. படங்களைப் பார்க்கும் அதிகாரி சிரிக்கப் போகிறார், ஜெயகௌரியைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். இலங்கையில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது.

மூன்றாவது உடுப்பு. ஏப்ரலை ஜூலை ஆக்கிவிட்டுக் கமராவைத் தூக்கினேன்.

ஜெயகௌரியின் கை, அவள் பார்க்காமலே, சற்குணத்தின் இடது காதுக்குக் கீழே போனது. சட்டைக் கொலரை இழுத்து அங்கிருந்த தழும்பை மூடியது. அவரும் அதற்குத் தோதாகக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தார்.

நேற்றுப் பழகிய கை இல்லை அது.

நான் படமெடுக்காமல் நிற்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

“கலியாணம் கட்டிப் பத்து வருசம், அண்ணை. ஏஜென்சிக்காரன் சொன்னானெண்டு இவர் முதல்ல இங்க வந்த உடன தனியாள் எண்டு பதிஞ்சிட்டார். கலியாண அல்பம் ஊரில செல்லடியில வீட்டோட எரிஞ்சு போச்சு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் திரும்பிப் பறவைகளைப் பார்த்தாள்.

“இதில என்ன எழுதியிருக்கு, அண்ணை?”

வாசிப்பதுபோலக் குனிந்தேன்.

“புருசன் பெண்சாதியாம். பார்த்த உடனேயே தெரியுமாம்.”