விழுங்கிய பெயர்

"மத்தேயு எழுதின இந்த வம்ச வரலாறு வேண்டாம் பாஸ்டர். அவன் இவனைப் பெத்தான், இவன் அவனைப் பெத்தான்னு நான் முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் குறட்டை விட்டுடுவாங்க."

பாஸ்டர் மைக் ஒயரைச் சுருட்டியபடியே சிரித்தார். இந்தச் சபைக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞர். எதிரே நின்றவன் மருந்துக்கடைக்காரன். கணீரென்ற குரலுக்காகச் சபையில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். நாளைய ஆராதனையில் வேதம் வாசிப்பது அவன் முறை.

"உங்க குரலைக் கேட்டு யாராவது தூங்குவாங்களா பிரதர்?"

"அதில்ல பாஸ்டர். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. தாவீது பாடின நல்ல சங்கீதமா ஒண்ணு குடுங்க, அசத்திடறேன்."

"இதைத்தான் வாசிக்கணும்னு சபையில ஒருத்தர் ஆசையாக் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

ரேடியோவின் முகம் சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"விஷயமே வேற பாஸ்டர். அதுல ராகாப் பேரு வருது. எரிகோ பட்டணத்து விலைமாது. நம்ம கடைசி பெஞ்சுத் தையல்காரம்மா இருக்காங்கல்ல, அவங்களும் ஒரு காலத்துல அப்படித்தான். போன வருஷம் சாட்சி சொல்றேன்னு எழுந்து நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. யாரு கேட்டா? அதுலேருந்து அந்தப் பேரைச் சொன்னாலே மொத்தச் சபையும் பின்னாடி திரும்பிப் பாக்குது. பாவம், அந்தம்மாவுக்கு எவ்வளவு அவமானம்!"

"மறைக்கணும்னா மத்தேயுவே மறைச்சிருப்பார் பிரதர். ஆபிரகாம் சம்சாரம் சாராள் பேரை விட்டுட்டார், மருமக ரெபெக்காள் பேரை விட்டுட்டார். ராகாபை மட்டும் தேடிப் பிடிச்சு இயேசுவோட குடும்பத்துல எழுதியிருக்கார். அவருக்கே வெக்கமில்ல, நமக்கென்ன?"

"எழுதிட்டுப் போயிட்டார். வாசிக்கறவன் பாடு அவருக்கென்ன தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான் ரேடியோ.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. வருங்கால மாமனார் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, பெருமையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள்.

ரேடியோ ஆரம்பித்தான். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று பெயர்கள் உருண்டோடி வந்தன. சல்மோன் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்; அடுத்து ராகாப். கடைசி பெஞ்சில் தையல்காரம்மா விரல்களைக் கோத்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பதுபோல் முன்னால் சாய்ந்திருந்தார்.

சல்மோன் போவாசைப் பெற்றான் என்று மட்டும் படித்துவிட்டு, நடுவிலிருந்த பெண்ணின் பெயரை அப்படியே விழுங்கிவிட்டான்.

ஒருவரும் திரும்பவில்லை. தையல்காரம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தப்பித்தோம் என்று அவனுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வெட்கம்தான் வந்து பிடுங்கித் தின்றது.

ஆராதனை முடிந்ததும் மாமனார் அவன் தோளைத் தட்டினார். "அடேயப்பா, என்ன குரல் மாப்பிள்ளை! அப்பா அம்மா இல்லாம விடுதியில வளர்ந்த பிள்ளைன்னு சொன்னா யாரு நம்புவா?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தான். தையல்காரம்மா அந்தப் பக்கமாக வருவது தெரிந்ததும் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு, "வண்டியை எங்க நிறுத்தினீங்க மாமா?" என்று அவரைத் தள்ளாத குறையாக வாசலுக்குக் கூட்டிப்போனான்.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது பாஸ்டர் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அவர் கண் சிவந்திருந்தது.

"ஏன் பிரதர் அந்தப் பேரை விட்டீங்க?"

"வாய் தவறிடுச்சு பாஸ்டர். யாரும் கவனிக்கலையே?"

"ஒருத்தர் கவனிச்சாங்க. இதை வாசிக்கணும்னு கேட்டதே அவங்கதான். தையல்காரம்மா."

ரேடியோவுக்கு வியர்த்துவிட்டது. "அவங்களா? அவங்க மானத்தைக் காப்பாத்தத்தானே பாஸ்டர் நான்..." குரல் கம்மியது. ஊரே மெச்சிய குரல், அந்தச் சின்ன அறையைக்கூடத் தாண்டவில்லை.

"இப்பதான் வந்து அழுதுட்டுப் போறாங்க. திரும்பிப் பாக்கறவங்க பாக்கட்டும் ஐயா, ஆண்டவர் ராகாபையும் எங்க வீட்டுப் பொம்பளைன்னு சொல்றார்ல, அதைக் கேட்டாத்தான் எனக்குத் தலை நிமிருதுன்னாங்க."

பாஸ்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெத்த பிள்ளை வாயால ஒரே ஒரு தடவை அந்தப் பேரைக் கேட்டுடணும்னு இருந்தாங்களாம். இன்னிக்கு வாசிச்சது நீங்க ஒருத்தர்தானே பிரதர்?"