இருபத்தேழு பேருக்கு ஒரு கட்டடமா?

"இருபத்தேழு புள்ளைங்களுக்குத் தனியா ஒரு கட்டடமா? அநியாயமா இல்ல மேடம்?"

தலைமையாசிரியர் தெய்வசிகாமணி மேசையைத் தட்டின தட்டுல என் கையில இருந்த டீ தளும்பிடுச்சு.

நான் பூமாலை. கள்ளக்குறிச்சியில கல்வி ஆபீஸ் ஜீப் ஓட்டறவன். மீட்டிங்னா டீ கொடுக்கறதும் நான்தான். காதை மூடிக்கவா முடியும்?

விஷயம் இதான். இந்த வருசப் பணத்துல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கட்டடம். எந்த ஸ்கூல்ல புள்ளைங்க ஜாஸ்தியோ அதுக்குத்தான் மொதல் எடம். மணலூர்பேட்டை பக்கம் தெய்வசிகாமணி சார் ஸ்கூல்ல முந்நூத்துப் பத்து பேரு. லிஸ்ட்டுல அவருதான் மொதல். கடைசிப் பேரு, கல்வராயன் மலை மேல கோகிலவாணி டீச்சர் ஸ்கூல்.

"எங்க ஸ்கூலு ஒழுவுது சார். போட்டோ அனுப்பியிருக்கேனே"ன்னு அந்தப் பொண்ணு எழுந்து சொல்லிச்சு.

"போட்டோ யாரு வேணா எடுக்கலாம்மா. நீ எழுதின இருபத்தேழுல எத்தினி பேரு கரும்பு வெட்டப் போயிருக்காங்களோ? மேடம், நீங்களே மேல போய் தலைய எண்ணுங்க. இன்னிக்கே போங்க. அப்பதான் வண்டவாளம் தெரியும்."

"சார், லிஸ்ட்டுல மொதல்ல இருக்கறதே நீங்கதான். இன்னும் என்ன சார்?" அதிகாரி நிர்மலா மேடத்துக்கே எரிச்சல்.

"பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாது. எண்ணிட்டு வந்து குடுங்க. இல்லன்னா மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடுவேன்."

கோகிலவாணி முகம் செத்துப் போச்சு. எண்ணிக்கை கொறைஞ்சா ஸ்கூலையே மூடி, ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கறதோட சேத்துடுவாங்க. அவ்ளோ தூரம் எந்தப் புள்ள நடக்கும்?

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. தன் எலையில சோறு விழுந்தாச்சு, பக்கத்து எலைய ஏன்யா புடுங்கற?

காலையிலேருந்தே மலைப் பக்கம் கருத்துக்கினு இருந்துச்சு. கச்சிராயபாளையம் தாண்டறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. பின்சீட்டுல கோகிலவாணி மழையவே பாத்துக்கினு வந்துச்சு. கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஜீப்பு ஏறல. மேடம் செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்தாங்க.

உள்ள போனா, நடு வகுப்புல தண்ணி. புள்ளைங்க செவுத்தோரமா ஒட்டிக்கினு உக்காந்திருக்கு.

"ஏன் பாப்பா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"இது மழை எடம் மேடம். அதோ, அதான் என் வெயில் எடம்"னு ஒரு பொண்ணு தண்ணியக் காட்டிச்சு.

ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு எடமாம். தூறல் விழுந்தா யாரும் சொல்லாமலே மாறிக்குவாங்களாம். புஸ்தகமெல்லாம் சத்துணவு அண்டாக்குள்ள இருந்துச்சு. சமைக்கறப்ப மட்டும் வெளிய எடுக்கறதாம்.

மேடம் எண்ணினாங்க. நானும் மனசுக்குள்ள சாமியக் கும்புட்டுக்கினே எண்ணினேன். இருபத்தேழு! ஒண்ணு கொறையல. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

"தலைய எண்ணிக் குடுத்தா இவங்களுக்கு எந்த வருசமும் வராது பூமாலை"ன்னாங்க மேடம். அங்கயே உக்காந்து எழுதிட்டாங்க, கட்டடம் மலைக்குன்னு. கோகிலவாணி அழுதுக்கினே சிரிச்சுது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில தெய்வசிகாமணி சார் நின்னுக்கினு இருந்தாரு. விடுவேனா?

"சார், உங்க கட்டடம் பூடுச்சு. மலைக்கு எழுதிட்டாங்க."

மூஞ்சி தொங்கும்னு பாத்தேன். மனுசன் பெஞ்சில உக்காந்து, "அப்பாடா!"ன்னாரு.

"இன்னா சார் அப்பாடா? அந்தக் கத்து கத்தினீங்க?"

"எங்களுக்கு ஒரு ரூம் பத்தல, அவ்ளோதான். அங்க ரூமே இல்லபா. எலக்சன் டூட்டிக்கு என்னை அந்த ஸ்கூல்லதான் போட்டாங்க. ஒரு மழைக்கு ஓட்டு மெஷினத் தூக்கிக்கினு மூலை மூலையா ஓடினேன்."

"அப்ப எனக்கு வேணாம்னு எழுதிக் குடுக்கறதுதானே?"

"குடுத்தா லிஸ்ட்டுல ரெண்டாவது ஸ்கூலுக்குப் போயிடும். மலைக்கு எங்க வரும்? மேடம் கண்ணால பாக்கணும்."

"அதுக்கு டீச்சர அழ வெக்கணுமா சார்?"

"தப்புதான். கால்ல வேணாலும் விழறேன்"ன்னு சொல்லிக்கினே டீய வாங்கிக்கினாரு. "வெயில்ல பாத்தா அந்தக் கூரை நல்லாத்தான்யா தெரியும். ஒரு மழை வரட்டும்னு மூணு மீட்டிங்கா வாய மூடிக்கினு இருந்தேன்."